வலியறிந்து ஏந்துதல்: பெருவேட்டைத் துப்பாக்கியின் வரலாறு தரும் பாடம்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடியிருப்பதை நாம் அறிவோம். யானையை வீழ்த்திய ஒரே அம்பு புலி, மான், பன்றி ஆகியவற்றையும் கடந்து சென்று இறுதியில் உடும்பில் தைத்தது என்பது அப்பாட்டு தரும் செய்தி. அது உயர்வு நவிற்சியே எனினும் அதனுள் ஓர் உண்மை உறைகின்றது. வில்லின் ஆற்றல் வில்லாளியின் தோளில் பிறப்பது. அவன் நாணை எவ்வளவு இழுக்க வல்லனோ அவ்வளவே அம்பின் விசை. தன் தோள் தாங்காத ஆற்றலை எந்த வில்லாளியும் எய்ய இயலாது.

துப்பாக்கி இந்த ஒழுங்கைக் குலைத்தது. அதன் ஆற்றல் வெடிமருந்திலிருந்து வருவது. மனிதன் அதனைக் கடனாகவே பெறுகின்றான்; குண்டு வெளியேறும் அந்த நொடியிலேயே அக்கடன் அவன் தோளில் திரும்பி வந்து விழுகின்றது. ஒவ்வொரு வினைக்கும் அதற்கு ஈடான எதிர்வினை உண்டு என 1687இல் நியூட்டன் வகுத்த விதி இங்குத் தோளெலும்பில் உணரப்படுகின்றது. இதனையே 'துப்பாக்கி உதைக்கும்' என்று நம்மவர் எளிதாகச் சொல்வர்.

வகுப்பறையில் திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வருவதுண்டு. செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை என நான்கனைத் தூக்கிப் பார்த்துச் செயற்படச் சொல்கின்றார் வள்ளுவர். யானை, காட்டெருமை முதலிய பேருயிர்களை வேட்டையாடிய ஆங்கிலேயர், இந்நான்கையும் கற்றுக்கொள்ள ஏறத்தாழ நூறாண்டு எடுத்துக்கொண்டனர். அந்தக் கல்விக்கு யார் விலை கொடுத்தனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. செயலின் வலி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வேட்டைக்காரர் கையிலிருந்தவை கருமருந்தும் ஈயக்குண்டுமே. கருமருந்து குண்டுக்குத் தரக்கூடிய வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்ட இயலாதபோது எடையைக் கூட்டுவதே வழி. எனவே குழல்கள் பருத்தன. அக்குழல்களின் அளவைப் 'போர்' என்னும் ஆங்கிலச் சொல்லால் குறித்தனர். இது நம் தமிழ்ப் போர் அன்று. குழலின் உள்வாயைச் சுட்டுவது. அக்குழலுக்குரிய ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு ஆகுமோ அதுவே அதன் எண். பறவை வேட்டைக்குரிய பன்னிரண்டு போர் துப்பாக்கியின் உருண்டை சுமார் 38 கிராம். நான்கு போர் எனில் உருண்டை ஒன்று கால் பவுண்டு, அதாவது 113 கிராம். எண் குறையக் குண்டு பெருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வகைக் கனத்த துப்பாக்கிக்கு முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் ஆற்றின் தோற்றுவாயைத் தேடிச் சென்று புகழ் பெற்ற இவர், 1848 முதல் 1855 வரை இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்தார். 1840இல் பிரிஸ்டல் நகரக் கிப்ஸ் என்னும் கொல்லரிடம் தமக்கென ஒரு துப்பாக்கி செய்வித்தார். அதன் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. அதன் கூம்புக் குண்டு 4 அவுன்சு, அதாவது 113 கிராம். ஒரு முறை கெட்டிக்கும் மருந்து 16 டிராம், அதாவது 28 கிராம். அத்துணைப் பெரிய குண்டைச் சுடுவதற்கு அத்துணைக் கனத்த துப்பாக்கி வேண்டும் என அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இலங்கையில் அக்காலத்தில் யானை வேட்டை கட்டற்று நடந்தது. பயிருக்குக் கேடு என்று கருதிய அரசு, கொல்லப்படும் ஒவ்வோர் யானைக்கும் சில சில்லிங்கு பரிசளித்தது. தமிழர் வாழும் வட மாகாணத்தில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதாக, அங்கே குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார். மேசர் ரோசர்சு என்னும் படைத்தலைவர் தனியொருவராக 1,400க்கு மேல் கொன்றதாகச் சொல்வர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். செயலின் வலியை மட்டும் அறிந்து, அச்செயல் வேண்டுமா என்று கேளாத காலம் அது.

2. தன் வலி

பெரிய குண்டு வேண்டும் என்பதில் ஐயமில்லை எனக் கொண்டாலும், அதனை யார் சுடுவது என்ற கேள்வி நிற்கின்றது. இதற்கு விடையாக அமைந்தது பிரெடரிக் செலூசின் வாழ்க்கை.

செலூசு 1871இல் தம் பத்தொன்பதாம் அகவையில் தென்னாப்பிரிக்கா சென்றார். கையில் பணமில்லை. பர்மிங்காமில் செய்யப்பட்ட நான்கு போர் துப்பாக்கி இரண்டை மலிவாக வாங்கினார். அவை யானைக்கெனச் செய்யப்பட்டவை அல்ல, வாத்துச் சுடுவதற்கானவை. ஒவ்வொன்றின் எடையும் சுமார் பன்னிரண்டரைப் பவுண்டு. தோற்பையிலிருந்து மருந்தைக் கைப்பிடியால் அள்ளிப் போட்டுக் கெட்டித்தார். இவற்றைக் கொண்டே மூன்று பருவங்களில் கால்நடையாகச் சென்று 78 யானைகளை வீழ்த்தினார்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பேக்கரின் குண்டும் செலூசின் குண்டும் ஏறத்தாழ ஒரே எடை. ஆனால் பேக்கரின் துப்பாக்கி 21 பவுண்டு, செலூசினது பன்னிரண்டரை. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தம் எவ்வளவோ அவ்வளவையும் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகின்றது. மருந்தும் ஒன்றே எனக் கொண்டால், எடை குறைந்த துப்பாக்கி அதற்கேற்ப விரைந்து பின்னே வரும். அதாவது செலூசின் தோளில் விழுந்த அடி, பேக்கரின் தோளில் விழுந்ததைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு. தூக்கிச் சுமக்க எளிதாக இருந்த துப்பாக்கியே சுடுகையில் கொடியதாயிற்று. சுமையைக் குறைத்தவன் அடியைக் கூட்டிக்கொள்கின்றான் என்பது பெருவேட்டைத் துப்பாக்கியின் முதல் விதி.

செலூசு பின்னாளில் உலகம் போற்றும் வேட்டைக்காரரானார். ஆயினும் அந்த இரு துப்பாக்கிகளையும் தாம் தொட்டிருக்கவே கூடாது என வருந்தி எழுதினார். அவற்றின் உதைப்பு தம் நரம்புகளைக் கலைத்து, வாழ்நாள் முழுவதும் தம் குறியைக் கெடுத்துவிட்டது என்பது அவர் வாக்குமூலம். இளமையில் ஏந்திய பொருந்தாக் கருவி முதுமை வரை தொடர்ந்து வந்தது.

அந்தக் கேட்டிற்குத் தமிழில் பொருத்தமான சொல் 'கூச்சம்' எனலாம். உதைக்கப்போகின்றது என அறிந்த உடல், விசையை அழுத்தும் கணத்திற்கு ஒரு நொடி முன்னரே கண்ணை மூடும், தோளைச் சுருக்கும், கையை இழுக்கும். குழல் சற்றே தாழும். குறி தவறும். இதில் வியப்பு என்னவெனில், சுடுபவர் இதனை அறியவே மாட்டார். வெடியோசையும் அதிர்ச்சியும் அந்தப் பிழையை மறைத்துவிடும். இதனைக் கண்டறியப் பயிற்சியாளர் ஓர் உத்தி வைத்துள்ளனர். சுடுபவர் அறியாமல் நல்ல தோட்டாக்களுக்கிடையே வெற்றுத் தோட்டா ஒன்றைச் சேர்த்து வைப்பர். விசை அழுத்தப்படும், வெடி வெடிக்காது, ஆனால் குழல் மட்டும் துள்ளித் தாழும். அஞ்சியவர் யார் என்பது அந்த அமைதியில் வெளிப்பட்டுவிடும்.

கூச்சம் வந்தபின் நீக்குவது அரிது. வாராமல் காப்பதே அறிவு. அதற்கான நெறிகளைப் பட்டறிவால் வகுத்தனர். துப்பாக்கியின் அடிக்கட்டை சுடுபவரின் கை நீளத்திற்கும் கழுத்து உயரத்திற்கும் பொருந்தச் செதுக்கப்பட வேண்டும்; பொருந்தாத கட்டை கன்னத்தில் அறையும். கட்டையைத் தோளின் சதைப்பகுதியில் அழுந்தப் பதிக்க வேண்டும். இடைவெளி விட்டால் தள்ளு, குத்தாகிவிடும். கால்களை அகற்றி, உடலைச் சற்றே முன்சாய்த்து நின்று சுட வேண்டும். அடி வரும்போது உடல் நாணல்போல் பின்னே இசைந்து கொடுக்கும். படுத்துக்கொண்டு சுடலாகாது, இசைந்து கொடுக்க வழியில்லாத காறை எலும்பு முழு அடியையும் வாங்கும். கட்டையின் அடியில் இரப்பர் வைத்தால் அடி சற்றே நீண்டு மெலியும். பயிற்சியை மெல்லிய துப்பாக்கியில் தொடங்க வேண்டும். கனத்த துப்பாக்கியில் ஒரு நாளைக்குச் சில வெடிகளோடு நிறுத்த வேண்டும். இத்தனையும் செய்த பின்னும் தோள் ஏற்கவில்லை எனில், சிறிய துப்பாக்கிக்கு இறங்குவதில் இழிவில்லை.

இறங்குவதே பலருக்கு அரிதாயிற்று. வலிமை பற்றிய செருக்கு அங்கே குறுக்கிட்டது. பேக்கரே அதற்கு விலக்கல்லர். அபிசீனியாவுக்குச் சென்றபோது அவர் அரைப் பவுண்டு குண்டு சுடும் துப்பாக்கி ஒன்றைக் கொண்டு சென்றார். உடன் வந்த அராபியர் அதற்குப் 'பீரங்கியின் பிள்ளை' எனப் பொருள்படும் பெயரிட்டனர். அது தம்மைக் காற்றுத்திசைகாட்டிபோல் சுழற்றிவிடும் என்றும், அதனைச் சுடத் தாமே அஞ்சியதாகவும் அவர் எழுதியுள்ளார். சுட அஞ்சும் துப்பாக்கியைச் சுமந்து செல்வது, பொருள் தெரியாத சொல்லைப் பாட்டில் வைப்பது போன்றதே.

3. மாற்றான் வலி

எதிரியின் வலியை அறிவது எனில் யானையின் பருமனை அறிவது மட்டுமன்று. அதன் உள்ளமைப்பை அறிவது. இலங்கையில் பேக்கர் யானையின் நெற்றிக்கு நேரே சுட்டு வீழ்த்தப் பழகியிருந்தார். அதே நெற்றிக்குறி ஆப்பிரிக்காவில் பொய்த்தது. ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டு அமைப்பும் மூளை அமைந்த இடமும் வேறு. குண்டின் எடையைக் கூட்டுவதால் மட்டும் இக்குறையைத் தீர்க்க இயலவில்லை.

தீர்த்தவர் 1880இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல். இவர் யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே உள்ளது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கோணத்தில் அதனை எட்டலாம் எனப் பயின்றார். பிறகு 7 மில்லிமீட்டர் குழலையுடைய மெல்லிய துப்பாக்கியை ஏந்தினார். அதன் குண்டு சுமார் 11 கிராம். செலூசின் குண்டில் பத்தில் ஒரு பங்கு. அது உதைப்பதே இல்லை எனலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை அவர் வீழ்த்தினார். அவற்றில் பெரும்பாலானவை இச்சிறு குழலால் வீழ்ந்தவை. எடை செய்யாததை இடம் செய்தது.

ஆனால் இதனைப் பொதுவிதியாகக் கொண்டவர்கள் அழிந்தனர். பெல் பெரும்பாலும் அமைதியாக நின்ற யானையைப் பொறுமையாகக் குறிபார்த்தவர், நிகரற்ற குறிவல்லவர். பாய்ந்து வரும் விலங்கின் முன் மெல்லிய குண்டு தடுத்து நிறுத்தாது. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த எட்வர்டு கிரேயின் தம்பி ஜார்ஜ் கிரே, 1911இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் 0.280 அங்குலக் குழலின் விரைந்த, மெல்லிய குண்டுகளை நம்பிச் சிங்கத்தை எதிர்கொண்டு, அது தாக்கிய புண்களால் இறந்தார். பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் பேருயிர் வேட்டைக்கு 0.375 அங்குலத்திற்குக் குறைந்த குழல் கூடாதென விதி வகுத்தனர். 1912இல் வெளிவந்த அந்த அளவு, பெரும்பாலான தோள்கள் தாங்கக்கூடியதும் பெரும்பாலான விலங்குகளுக்குப் போதியதுமான நடுநிலை எனக் கருதப்பட்டது.

4. துணை வலி

வேட்டைக்காரனுக்குத் துணை யார்? முதல் துணை கொல்லன். அவனுக்குப் பின்னே வேதியியலார். புகையற்ற மருந்தாகிய கார்டைட்டு வந்தபின் 1898இல் லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் 0.450 அங்குலக் குழலுக்கு ஒரு தோட்டாவை வெளியிட்டது. அதன் குண்டு 31 கிராம். வேகம் நொடிக்கு 655 மீட்டர். உலோக உறையிட்ட அக்குண்டு, மெல்லிய ஈய உருண்டை நசுங்கி நிற்கும் எலும்பையும் துளைத்துச் சென்றது. கால் பவுண்டு உருண்டையின் காலம் அத்துடன் முடிந்தது. உதைப்பு முடியவில்லை. ஐந்து கிலோ எடையுள்ள அத்துப்பாக்கியின் உதைப்பாற்றல், அக்காலப் படைவீரரின் 0.303 துப்பாக்கியினதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

இந்த 0.450க்கு இந்தியாவில் நேர்ந்த முடிவு தனிக்கதை. பழைய மார்ட்டினி-என்றி படைத்துப்பாக்கியின் குழலும் அதே அளவினது. வேட்டைக்கென வரும் குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என அஞ்சிய ஆங்கில அரசு, 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவைத் தடை செய்தது. உடனே கொல்லர்கள் 0.465, 0.470, 0.475 எனச் சற்றே மாறிய அளவுகளைப் படைத்தனர். இன்றும் புகழ்பெற்று விளங்கும் 0.470 அப்படித் தோன்றியதே. அதன் அளவை முடிவு செய்தது யானையின் மண்டை அன்று. ஆளப்பட்டோரிடம் ஆள்வோர் கொண்ட அச்சம்.

இரண்டாம் துணை, துப்பாக்கி சுமந்தவர்கள். வேட்டை நூல்களில் விலங்கின் தந்த நீளம் அங்குல அளவில் உண்டு. இவர்கள் பெயர் பெரும்பாலும் இராது. கனத்த துப்பாக்கியைக் காட்டில் நாள் முழுதும் சுமந்தவர்கள் இவர்களே. வெடித்த துப்பாக்கியை வாங்கி, யானை எதிரே நிற்கும்போதே மீண்டும் கெட்டித்துக் கொடுத்தவர்களும் இவர்களே. செலூசுக்கு ஒருமுறை கேப்பு மட்டும் வெடித்து மருந்து பற்றாமல் போயிற்று. சுமந்து வந்தவர், வெடி தீர்ந்ததென எண்ணி, உள்ளிருந்த மருந்தின்மேல் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துத் தந்துவிட்டார். அடுத்த வெடியில் செலூசு தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். கட்டை தூளாயிற்று. கண்ணின்கீழ்ப் பட்ட காயம் வடுவாக இறுதிவரை இருந்தது. பரபரப்பில் நேர்ந்த அந்தப் பிழை, துணையின் வலியை அறிதல் என்பது துணையோடு சொல்லாடுதல் என்பதையும் உணர்த்துகின்றது.

5. விலை கொடுத்தவர்

இதுகாறும் சொன்னவை வேட்டைக்காரர் பட்ட துன்பங்கள். குறி தவறிய குண்டு எங்கே போயிற்று என்பதை இனிக் காண்போம்.

குமாவூன் மலைப்பகுதியின் சம்பாவத்தில் ஒரு பெண்புலியை ஜிம் கார்பெட் 1907இல் சுட்டுக் கொன்றார். நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 மாந்தரை அது கொன்றிருந்ததென 1944இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். இறந்த புலியின் வாயைப் பார்த்தபோது அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. ஒன்று பாதியாக, மற்றொன்று எலும்பு வரை. அது பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போன அப்புலி மனிதரை நாடியது என்பது அவர் முடிவு.

அந்தப் பழைய குண்டைச் சுட்டவர் யார், எந்தத் துப்பாக்கியால் சுட்டார் என்பதற்குப் பதிவு இல்லை. அவர் தோள் கூசினாரா, விரைந்தாரா என்பதும் அவ்வாறே. கொல்லாமலும் தவறாமலும் புலியின் தாடையில் நின்ற ஒரு குண்டு 436 வீடுகளுக்குச் சென்று சேர்ந்தது என்பதே வரலாறு. முற்றிலும் தவறிய குண்டு மண்ணில் புதையும். நன்கு தைத்த குண்டு ஓர் உயிரோடு முடியும். பாதி தைத்த குண்டுக்குத்தான் முடிவில்லை. தன் வலியறியாதவன் செய்த பிழைக்கு அவன் தோள் கொடுத்த விலை சிறிது; விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் காட்டுக்குச் சென்ற பெண்கள் கொடுத்த விலையே பெரிது.

நம் நிலத்திலும் இவ்வரலாற்றின் கடைசி ஏடு எழுதப்பட்டது. சேலம், தருமபுரிக் காடுகளிலும் நீலகிரி அடிவாரத்திலும் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் 0.405 குழலுடைய வின்செஸ்டர் துப்பாக்கி ஒன்றையே நெடுங்காலம் ஏந்தினார். புதியது புதியதாக மாற்றாமல், தோள் அறிந்த ஒன்றோடு நின்றார். 1972இல் வந்த வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் முற்றுப்புள்ளி வைத்தது. காட்டு யானையைக் காக்கச் சென்னை மாகாணம் 1873லேயே தனிச்சட்டம் இயற்றியிருந்தது என்பதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இன்றும் யானையின் முன் துப்பாக்கி நீட்டப்படுவதுண்டு. 2023 சூன் மாதம் கம்பம் பகுதியில் அரிக்கொம்பன் என்னும் யானையை வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டனர். அந்தத் துப்பாக்கி தோளை வருத்துவதில்லை. ஆயினும் மருத்துவர், யானையின் எடையை மதித்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கின்றார். மிகுந்தால் யானை எழாது. குறைந்தால் பாதி மயக்கத்தில் ஊருக்குள் ஓடும். கருவி மாறிய பின்னும் வலியறிதல் மாறவில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் கவிஞர் பலர் உளர். நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்கு உண்டு. கனத்த சொல்லை முதலில் ஏந்தும் ஆசை இளங்கவிஞர் எவர்க்கும் உள்ளதே. செலூசு தம் இருபதாம் அகவையில் வாங்கிய மலிவான பெருந்துப்பாக்கியை அவர்கள் நினைவில் கொள்ளலாம். அச்சொல் நம்மைத் தூக்கியெறிந்தால் கேடில்லை, எழுந்துகொள்ளலாம். அது குறியைப் பாதி தைத்துப் போய்விடுமானால், யார் வீட்டு வாயிலில் போய் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தே விசையைத் தொட வேண்டும்.